பத்தில் எத்தனை வலி

ஏறாவூரில் இறங்க வேண்டியவள் நான். பஸ்ஸில் அசந்து தூங்கிவிட்டேன். கண்டக்டர் முன்சீட்டுக் கம்பியைத் தட்டி எழுப்பியபோது மட்டக்களப்பு பஸ் நிலையமே வந்திருந்தது.

"ஏறாவூரா? அது எப்பவோ போயிட்டே! நான் கத்திக் கத்திக் கூப்பிட்டன், நீங்க கொறட்டையால பதில் சொன்னீங்க" என்றார். இறங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பையைத் தானே தூக்கி வந்து, திரும்பிப் போகிற வேறொரு பஸ்ஸில் வைத்து, "இந்தப் புள்ளைய ஏறாவூர்ல இறக்கி உடு. தூங்க உடாத, கதைச்சிக்கிட்டே போ" என்று அந்தக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளும் ஏறாவூர் வரும்வரை என்னை ஒரு கொட்டாவிகூட விட விடவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் தூங்கிப்போனால் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டுத் திட்டுவார்கள். அவ்வளவுதான்.

இலங்கைக்கு டிக்கெட் எப்படிப் போட்டேன், யார் உதவி செய்தார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் குமார் கத்தாரில் பைப் வேலைக்குப் போனவன். அங்கேயே இறந்துவிட்டான். அருப்புக்கோட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் பெட்டியாகத்தான் வந்தான். திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா பெட்டியைத்தான் தடவித் தடவி அழுதாள். காகிதத்தில் இதயம் நின்றுவிட்டது என்று இருந்தது. எட்டாவதோடு படிப்பை விட்டு மில்லுக்குப் போனவள் நான். எனக்கே அந்தக் காகிதம் போதவில்லை. அம்மாவுக்கு எப்படிப் போதும்? அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். "அவனுக்கு வலிச்சிருக்குமாடி?"

பதில் தெரிந்த ஆள் ஒருவர்தான். அண்ணனோடு ஒரே ரூமில் இருந்த ஏறாவூர் ரியாஸ். போனில் கேட்டால், "நல்லாத்தான் இருந்தான் தங்கச்சி" என்பார். அப்புறம் போனை வைத்துவிடுவார். வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு ஒருநாள், "இஞ்ச வாங்க. முகத்தப் பாத்துத்தான் செல்லணும்" என்றார். சொல்வதை அவர்கள் பேச்சில் செல்வது என்பார்கள். அதனால் போனேன்.

பஸ் நின்ற இடத்தில் ரியாஸ் அண்ணனும் அவர் மனைவி பஸ்லியாவும் நின்றிருந்தார்கள். போட்டோவில் அண்ணன் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஆள் இவரா என்று இருந்தது. அவ்வளவு மெலிந்திருந்தார். பஸ்லியா என் கையைப் பிடித்தவர் வீடு வரும்வரை விடவில்லை. நான் அக்கா என்று கூப்பிட்டேன். "ராத்தாண்டு கூப்பிடுங்க புள்ள. அக்காண்டா ஆரோ பக்கத்து ஊட்டுக்காரியக் கூப்பிடுற போல இரிக்கி" என்றார்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். பிட்டும் மீன் குழம்பும், நடுவில் தேங்காய்ச் சம்பல். நம்மூர் புட்டு சீனியோடு குழந்தைகள் தின்பது. இங்கே வேலைக்குப் போகிற ஆம்பளை தின்கிற சாப்பாடு. மத்தியானம் சட்டியோடு எருமைத் தயிர் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது போலிருந்தது. அதன்மேல் பாணி ஊற்றித் தந்தார்கள். கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. தயிருக்கு உப்புப் போட்டுப் பழகிய எனக்கு முதல் கரண்டி குழப்பமாக இருந்தது. மூன்றாவது கரண்டியில், அண்ணனும் இதைச் சாப்பிட்டிருப்பானோ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"பாணி கொண்டு போயிரிந்தன். போத்தலோட குடிச்சவன் அவன்" என்றார் ரியாஸ் அண்ணன். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் அன்றைக்கு அம்மாவின் முழங்கால் பற்றிக் கேட்டார். எங்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்டார். மில்லில் எத்தனை ஷிப்ட் என்று கேட்டார். நான் எப்போது வாயைத் திறந்தாலும் அவருக்கு ஒரு வேலை வந்துவிட்டது. ராத்தா பாத்திரம் கழுவிக்கொண்டே, "நாளைக்கிச் செல்லுவாரு. கொஞ்சம் பொறுங்க" என்றார். கையில் இருந்த கோப்பையை அவர் ரொம்ப நேரமாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வாவிக் கரைக்குப் போனோம். ரியாஸ் அண்ணன் இப்போது ஒரு தோணி வைத்து மீன் பிடிக்கிறார். வாவி என்றால் எனக்கு என்னவென்று தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது கண்மாய். இது மறுகரை தெரியாத கண்மாய் மாதிரி இருந்தது. ஆனால் வாயில் பட்டால் உப்பு. கரையில் கண்ணா மரங்கள் தண்ணீருக்குள்ளேயே வேர் விட்டு நின்றன. எங்கள் கண்மாய் வருஷத்தில் பாதி நாள் வெடித்துக் கிடக்கும். இவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் இறங்காமல் இருக்க முடியவில்லை.

ரியாஸ் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் தோணியைத் தள்ளி வந்துகொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவதைப் பார்த்து அங்கிருந்தே கத்தினார்.

"தங்கச்சி! காலத் தூக்கி வெக்காதீங்க. இழுத்து இழுத்து நடங்க!"

இங்கே தண்ணீரில் நடக்கிறவர்கள் காலைத் தூக்குவதில்லை. சேற்றிலேயே தேய்த்துத் தேய்த்துப் போகிறார்கள். அடியில் கிடக்கிற மீன் அந்த அசைவில் விலகிப் போய்விடுமாம். எனக்கு அது அப்போது தெரியாது. துணி நனையுமே என்று பார்த்துப் பார்த்துக் கண்மாயில் கால் வைக்கிற ஊர்க்காரி நான். பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, காலை நன்றாகத் தூக்கி வைத்தேன்.

குத்தியது கெளுத்தி முள். முதலில் ஆணி என்று நினைத்தேன். அடுத்த மூச்சில் நெருப்பு முழங்காலுக்கு ஏறிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. ராத்தா ஓடி வந்து என்னை இழுத்துக் கரையில் உட்காரவைத்தார்.

"என்னப் பாருங்க. கால் பக்கம் பாக்காதீங்க. பத்துல எத்தின?"

"என்ன?"

"வலி. பத்துல எத்தின? செல்லுங்க!"

"பத்து! பத்துக்கு மேல!"

அவர் என் உள்ளங்கையின் ஓரத்தில் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். வேகமாக, ஆனால் வலிக்காமல். "நான் செல்றதத் திருப்பிச் செல்லுங்க. இந்த வலி இரிந்தாலும்..." என்றார். நானும் அழுதுகொண்டே, "இந்த வலி இருந்தாலும்" என்றேன். "நான் என்னயே வெறுக்க மாட்டன்." அதையும் சொன்னேன். அப்புறம் புருவம் தொடங்கும் இடம், கண்ணின் ஓரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, தாடை, கழுத்துக்குக் கீழே இருக்கிற எலும்பு, கக்கத்துக்குக் கீழே, கடைசியில் உச்சந்தலை. ஒவ்வொரு இடத்திலும், "இந்த வலி, கால்ல இந்த வலி" என்று சொல்லவைத்தார்.

எனக்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. குத்தியது காலில், தட்டுவது முகத்தில். ஆனால் உச்சந்தலைக்கு வந்தபோது எனக்கு மூச்சு விட முடிந்தது. அதுவரை மூச்சு விடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"இப்ப எத்தின?"

"ஏழு... இல்ல, ஆறு."

அப்போதுதான் ரியாஸ் அண்ணன் கரையேறி வந்தார். ராத்தாவின் விரல் என் முகத்தில் இருப்பதைப் பார்த்தார்.

"கைய எடு!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்கவில்லை. பக்கத்துத் தோணிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கைய எடுடி! என்னத்துக்குத் தட்டுற? ஓட்டோவக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுபோ. முதல்ல ஆஸ்பத்திரி!"

ராத்தா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ரியாஸ் அண்ணன் கரைக்குக் கொண்டு வந்திருந்த பிளாஸ்க்கைத் திறந்து, அதிலிருந்த பால் சேர்க்காத பிளேன்டீயை என் காலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "சூடு பொறுக்குதா? பொறுக்காட்டிச் செல்லுங்க. இதுக்குச் சூடுதான் நல்லம்" என்றார். அவசரத்தில் பாதி டீ மணலில் போனது.

ஆஸ்பத்திரியில் உடைந்த முள்ளை எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். பெரிய வாளியில் சுடுதண்ணீர் வைத்துக் காலை அதில் வைக்கச் சொன்னார்கள். நர்ஸை இங்கே மிஸ் என்று கூப்பிடுகிறார்கள். மிஸ் குனிந்து என் காலை மோந்து பார்த்தார்.

"இதென்ன, காலுக்கு ஆர் டீ ஊத்தின? சீனி போட்டதா, போடாததா?"

"போடாதது மிஸ்" என்றார் ரியாஸ் அண்ணன், ரொம்ப அக்கறையாக.

"நல்ல காலம். போட்டிருந்தா எறும்புக்கும் சேத்து மருந்து கட்டணும். இந்தியாவுல இருந்து கெளுத்திட்டக் குத்து வாங்கவா பிள்ள வந்த?"

நான் சிரித்துவிட்டேன். ராத்தாவும் சிரித்தார். ரியாஸ் அண்ணன் சிரிக்கவில்லை. மிஸ் போனதும் நான் கேட்டேன். "மீன் முள்ளுக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் பதறுறீங்க?"

அவர் வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அண்டைக்கி வெள்ளிக்கிழம. ஜும்ஆ தொழுக முடிஞ்சி வந்தன். குமார் கட்டில்ல குந்திக்கிட்டு இரிக்கான். தோள் வலிக்கி பாய், இந்தக் கையெல்லாம் இழுக்கிண்டு செல்றான். முதல் நாள் பாரமான பைப் தூக்கின. அதாலதான் எண்டு அவனும் நெனச்சான், நானும் நெனச்சன். எனக்கு முதுகு வலி வந்தா பஸ்லியா போன்ல செல்லிச் செல்லித் தட்டுவிப்பா. சுனாமி வந்த பொறகு சின்னப் புள்ளைகளுக்கு இத ஆரோ வந்து படிச்சிக் குடுத்த. அப்ப இவவும் பழகின. அதுல இரிந்து இவட கை மருந்து அது. அந்த ரூம்ல பல்லு வலிக்கி, தல வலிக்கி, எல்லாருக்கும் நான் தட்டியிரிக்கன். அண்டைக்கும் இவக்கி வீடியோ கோல் எடுத்தன்."

ராத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

"பத்துல எத்தின எண்டு இவ கேட்டா. எட்டு எண்டான். இவ செல்லச் செல்ல நான் தட்டினன். அஞ்சு எண்டான். மறுகாத் தட்டினன். மூணு எண்டான். ஒங்க பொண்டாட்டி டாக்டராப் போயிருக்கணும் பாய் எண்டு செல்லிச் சிரிச்சான். நித்திர வருது எண்டு படுத்தான். நான் உடுப்புக் கழுவப் போனன். வந்து தேத்தண்ணிக்கி எழுப்பினன். எழும்பல்ல தங்கச்சி."

வாளியில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"அங்க டொக்டர் ஒண்டே ஒண்டுதான் கேட்டாரு. வலி வந்த உடன ஏன் கொண்டு வரல்ல எண்டு. நான் என்னத்தச் செல்ல? தட்டிக்கிட்டு இரிந்தன் எண்டா?"

"நான்தான் தட்டச் சொன்ன" என்றார் ராத்தா, தரையைப் பார்த்து. "நெஞ்சு வலியா எண்டு நான் கேக்கல்ல. தோள் எண்டதும் தோள் எண்டே நெனச்சிட்டன். அதுக்குப் பொறகு ஒருத்தருக்கும் தட்டின இல்ல. இண்டைக்கி ஒங்கட சத்தத்தக் கேட்டதும் கை தன்னால போயிட்டு."

எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. என் அண்ணனை நீங்கள் கொன்றுவிட்டீர்கள் என்று தொண்டைவரை வந்தது. அந்த வழியாக ஒரு டாக்டரம்மா போனார். அவரை நிறுத்தி, உடனே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அது ஒருத்தராலயும் சொல்ல ஏலாதும்மா. ஆனா தோள், கை, நெஞ்சு, இப்பிடி வலி வந்தா முதல்ல ஆஸ்பத்திரிதான். வண்டி வாற வரைக்கும் கையப் பிடிக்கலாம், தட்டலாம், ஓதலாம். வண்டியக் கூப்பிட்டுட்டுச் செய்யணும்" என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்தா வைத்த சோற்றை நான் தொடவில்லை. அவர் அதை மூடி வைத்தார்.

விடியும்போது மருந்து விட்டுப்போய் கால் தெறித்தது. படுத்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், என் விரல்கள் என் கழுத்தெலும்பைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. யாரும் சொல்லவில்லை. உடனே கையை எடுத்தேன். வலி கூடியது. மறுபடி தட்டினேன். குறைந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இது வெறும் பொய்யாக இருந்திருந்தால் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும். இது நிஜமாகவே வலியைக் குறைக்கிறது. காயத்தைத் தொடாமல் வலியை மட்டும் குறைக்கிறது. அண்ணனுக்கும் அப்படித்தான் குறைந்திருக்கிறது. அதனால்தான் அவன் தூங்கினான்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று அப்போதே முடிவு செய்தேன். வலிக்கவில்லை, தூக்கத்தில்தான் போனான். அது மட்டும் போதும். மீதி எனக்குள் இருக்கட்டும்.

காலையில் இடியப்பம் வைத்தார்கள். பசி தாங்கவில்லை, சாப்பிட்டேன். ராத்தா சொதியை ஊற்றிவிட்டு, நான் ஒரு வாய் தின்னும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் அம்மாவிடம் சொல்லப்போவதை ரியாஸ் அண்ணனிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அது சரியில்ல தங்கச்சி" என்றார். "எல்லாத்தயும் செல்லுங்க. நீங்க செல்லாட்டி நான் செல்லுவன்."

"வேணாங்க" என்று ராத்தா உள்ளேயிருந்து வந்தார். "அந்த உம்மாட மனச இன்னும் ஏன் உடைக்கிற? அவங்க நம்மள சபிச்சா நாம தாங்குவம். புள்ள இப்பிடித்தான் போனான் எண்டு அவங்க தாங்குவாங்களா?"

"சபிக்கட்டும். ஏசட்டும். நான் எத்தின நாளைக்கி நல்லாத்தான் இரிந்தான், நல்லாத்தான் இரிந்தான் எண்டு செல்ற? அவன்ட உம்மாக்குப் பொய் செல்லிப்போட்டு நான் எப்பிடித் தொழுற?"

நான் போனைப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து நடுவில் வைத்தேன். அம்மா முதல் ரிங்கிலேயே எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள்.

"கேட்டியாடி?"

"கேட்டேன்மா. ரியாஸ் அண்ணனே பேசுறாரு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னார். தோள் வலி என்றது, வீடியோ கால் போட்டது, எட்டு, அஞ்சு, மூணு, தூங்கினது, டாக்டர் கேட்ட கேள்வி. எதையும் விடவில்லை. "என்ட பிழை உம்மா. நான் அவன ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுபோயிரிக்கணும்" என்று முடித்தார். ராத்தா துப்பட்டாவை வாயில் அமுக்கிக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது. அம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன்.

"மூணுன்னா கொறச்சலா தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"ஓம் உம்மா. கொறச்சல்தான். சிரிச்சான்."

"சிரிச்சானா?"

"சிரிச்சான்."

அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள். "தட்டுனேன்னு சொன்னியே. எந்தெந்த எடத்துலப்பா தொட்ட?"

ரியாஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் போன் பக்கம் குனிந்தார்.

"முதல்ல கையில உம்மா. கை ஓரத்துல."

"ம்."

"மறுகா புருவத்துல."

"ம்."

"கண்ணு ஓரம். கண்ணுக்குக் கீழ. மூக்குக்குக் கீழ, மீச இரிக்கிற எடம்."

"மீச வளத்திருந்தானா?"

"ஓம். கொஞ்சமா."

"ம். சொல்லு."

"தாடை. கழுத்துக்குக் கீழ. கக்கத்துக்குக் கீழ. கடசியா உச்சில."

ஒவ்வொன்றுக்கும் அம்மா "ம்" என்றாள். வேகமாகச் சொன்னால் "இரு" என்றாள். அவள் குரல் விட்டுவிட்டு வந்தது. சொல்லச் சொல்ல அந்தந்த இடத்தைத் தன் முகத்தில் தொட்டுக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

"நெத்தியில தொடலயா?"

"நெத்தியில தட்டுற இல்ல உம்மா." ரியாஸ் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "ஆனா நெத்தி வேர்த்திருந்திச்சி. தொடச்சன்."

"எதால தொடச்ச?"

"கையாலதான் உம்மா" என்றார் அவர். "என்ட கையால."